வெர்டி கட்டிய வீடு

ஓபரா இசையமைப்பாளர் ஜுஸெப்பே வெர்டியை நினைத்தால் மிலான் நகரத்துத் தெருவொன்றில் பரப்பிய வைக்கோல்தான் எனக்கு முதலில் கண்ணில் வருகிறது. 1901 ஜனவரி. 87 வயதில் பக்கவாதம் தாக்கி, மான்சோனி தெரு ஹோட்டல் ஒன்றில் நினைவிழந்து கிடக்கிறார். குதிரை வண்டிகளின் கடகடப்பு அவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று கீழே தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். ஒரு கலைஞனுக்கு ஊர் செய்த மரியாதைகளில் இதைப்போல் என் மனசைத் தொட்டது வேறில்லை.

லா ஸ்காலா அரங்கம் அந்த ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரம்தான். 1840 செப்டம்பரில் அவருடைய நகைச்சுவை ஓபரா ஒன்று அங்கே ஒரே இரவோடு நின்றுபோனது. சிரிக்கவைக்க எழுதிய மனிதர் அப்போது எந்த நிலையில் இருந்தார்? மகள் விர்ஜீனியா 1838இல் போனாள், மகன் இசிலியோ 1839இல். இரண்டும் ஒரு வயது தாண்டிய குழந்தைகள். 1840 ஜூனில் மனைவி மார்கெரிட்டாவும் போய்விட்டாள்.

முதுமையில் வெர்டி தன் பதிப்பாளரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, மூன்று சாவும் சுமார் இரண்டு மாதங்களுக்குள் அடுத்தடுத்து நடந்ததாகவே சொன்னார். தேவாலயப் பதிவேடுகள் இரண்டு ஆண்டுக் கணக்குச் சொல்கின்றன. ஆய்வாளர்கள் இதைப் பிழை என்று குறித்துவைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கம் தேதி பார்த்தா அடுக்கி வைக்கிறது? ஒரே குடும்பத்திலிருந்து மூன்று பெட்டிகள் போயின; அவருக்கு அது ஒரே நாள்தான்.

இனி எழுதுவதில்லை என்றிருந்தவர் கையில் அரங்க நிர்வாகி மெரெல்லி வலியத் திணித்த கதைதான் ‘நபுக்கோ’. 1842 மார்ச்சில் மேடையேறியது. பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் இழந்த மண்ணை நினைத்துச் சேர்ந்து பாடும் பாட்டு அதில்தான் வருகிறது. கூட்டமாகப் பாடியும் தனி ஒருவர் முணுமுணுப்பதுபோல், பெரும்பகுதி ஒரே குரலோட்டமாக அது போகும்.

மெரெல்லிக்கும் முன்பே வெர்டிக்குக் கைகொடுத்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். லெ ரோன்கோலே என்ற சின்னக் கிராமத்தில் சத்திரம் நடத்திய அப்பா, பையனுக்குப் பழைய ஸ்பினெட் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். பியானோவுக்கு முந்திய, தந்தியை மீட்டி ஒலிக்கும் சின்ன வாத்தியம். 1821இல் அதைப் பழுதுபார்த்த கவலெட்டி என்ற கைவினைஞர், தோல் வைத்துப் புதுப்பித்ததையும் மிதிகட்டை பொருத்தியதையும் உள்ளே எழுதிவைத்தார். கற்றுக்கொள்ளப் பையன் காட்டும் ஆர்வமே போதும், கூலி வேண்டாம் என்றும் எழுதினார். இசை வரலாற்றில் எனக்கு மிகப் பிரியமான கையெழுத்து அது.

11 வருஷம் கழித்து மிலான் இசைக் கல்லூரி அதே பையனைச் சேர்க்க மறுத்தது. வயது கூடுதல், வெளி சமஸ்தானத்துக்காரன், விசையில் கை வைக்கும் விதம் சரியில்லை. இன்று அந்தக் கல்லூரிக்கே வெர்டியின் பெயர். அவன் கிராமத்துக்குப் பக்கத்து ஊரான புசெட்டோவின் மளிகை வியாபாரி பரெட்சி பணம் கொடுத்து, தனி ஆசிரியரிடம் படிக்க வைத்தார். மார்கெரிட்டா அவருடைய மகள்.

கூலி வாங்காத கைவினைஞரும் மளிகைக்காரரும் இல்லாவிட்டால் ‘ரிகொலெட்டோ’ இல்லை, ‘அய்தா’ இல்லை. வெர்டி அதை மறக்கவில்லை என்றே நம்புகிறேன். 79 வயதில் ‘ஃபால்ஸ்டாஃப்’ மேடையேற்றி, அன்று தோற்ற நகைச்சுவையில் ஜெயித்தார். அதன்பின், மிலானில் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த மனையில், வசதியில்லாத முதிய இசைக்கலைஞர்களுக்கு ஒரு இல்லம் கட்டினார். வரைபடம் கமீலோ போய்தோ, ஃபால்ஸ்டாஃபின் வசனகர்த்தாவுடைய அண்ணன். தன் படைப்புகளிலேயே தனக்கு மிகப் பிடித்தது இந்த இல்லம்தான் என்று வெர்டி கடிதத்தில் எழுதினார். கட்டடம் 1899இல் முடிந்தும், தாம் இருக்கும்வரை திறக்கக்கூடாது என்றார். யாரும் வந்து நன்றி சொல்லி நிற்பதை அவர் விரும்பவில்லை.

ஜனவரி 27 அன்று உயிர் பிரிந்தது. அடக்கத்தில் பாட்டு வேண்டாமென்று எழுதிவைத்திருந்தார். அப்படியே விடியற்காலையில் எளிமையாக நடந்தது. ஆனால் பிப்ரவரியில், அவரையும் இரண்டாம் மனைவி ஜுஸெப்பினாவையும் அந்த இல்லத்தின் கல்லறைக்கு மாற்றியபோது, இசை நடத்துநர் தொஸ்கானினியின் தலைமையில் நூற்றுக்கணக்கானவர்கள் ‘நபுக்கோ’வின் கூட்டுப்பாட்டைப் பாடினார்கள். மூன்று பெட்டிகளுக்குப் பிறகு எழுதிய அதே பாட்டு.

இல்லம் 1902 அக்டோபர் 10 அன்று, அவருடைய பிறந்தநாளில் திறந்தது. உயிலில் தன் ஓபராக்களின் உரிமைத்தொகையை அதற்கே எழுதிவைத்திருந்தார். உரிமைக்காலம் தீரும்வரை, எந்த ஊர் மேடையில் ‘லா ட்ராவியாட்டா’ நடந்தாலும் இல்லத்தில் ஒரு வயதான பாடகிக்கோ வயலின்காரருக்கோ சாப்பாடு போட்டது அந்தப் பணம்தான். இப்போது இசை மாணவர்களுக்கும் அங்கே அறைகள் உண்டு.