ஐந்து நிமிடம் முந்திய கடிகாரம்

 

எங்கள் கடலோரச் சிற்றூரில் கேபிள் தொலைக்காட்சித் தொழிலைக் கூட்டாக நடத்தி வருபவர்கள் நாங்கள் மூவர். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து ஏறத்தாழ மூவாயிரம் இல்லங்களுக்கு எங்கள் கம்பி செல்கிறது. 2018ஆம் ஆண்டு ரமளானில் எங்கள் கையால் ஒரு பிழை நேர்ந்தது. அதை அன்றே ஊரார் முன் ஒப்புக்கொண்டோம். ஆயினும் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும், வீட்டில் நோன்பு நோற்கும் சகோதரிகளுக்கும் அதில் ஒரு பாடம் இருப்பதால் இங்கு எழுதி வைக்கிறோம்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். கேபிள் தொலைக்காட்சி முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்னும் சட்டத் திருத்தம் 2011இல் வந்தது. பெருநகரங்களில் தொடங்கிய அந்த மாற்றம் நான்கு கட்டங்களாக நடந்தது. எங்களைப் போன்ற சிற்றூர்கள் நான்காம் கட்டத்தில் இருந்தன. 2017 மார்ச் 31 எங்களுக்குக் கடைசி நாள். அதுவரை ஒரு சேனலுக்கு ஓர் அலைவரிசை, ஒரு மாடுலேட்டர் என்று எளிமையாக இருந்த எங்கள் கண்ட்ரோல் ரூமில் அந்த ஆண்டுதான் மல்டிபிளெக்சர் என்னும் கருவி வந்து அமர்ந்தது. ‘மக்ஸ்’ என்று சுருக்கமாக அழைப்போம்.

பல சேனல்களை ஒரே ஓடையாகப் பின்னி அனுப்புவதுதான் அதன் வேலை. படம், ஒலி, எழுத்து எதுவாயினும் 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகவே பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அது எதற்குரியது என்று காட்டும் ஓர் அடையாள எண் உண்டு. 0 முதல் 8191 வரை. வீட்டிலுள்ள செட்டாப் பெட்டி, பூஜ்யம் என்னும் எண்ணில் வரும் அட்டவணையை முதலில் படிக்கிறது. இந்தச் சேனலுக்கு எந்தெந்த எண்ணைப் பொறுக்க வேண்டும் என்பதை அங்கிருந்து தொடங்கி அறிந்துகொண்டு, தனக்கு வேண்டியதை எடுத்து, மற்றவற்றை விட்டுவிடுகிறது. அனுப்ப ஏதும் இல்லாத கணங்களில் 8191 என்னும் எண்ணிட்டு வெற்றுப் பொட்டலங்களை மக்ஸ் அனுப்புகிறது. ஓடை ஒரு கணமும் நிற்கக் கூடாது.

நிறுவிய முதல் வாரங்களில் பட்ட பாடு கொஞ்சமன்று. இரு வேறு செயற்கைக்கோள் ரிசீவர்களிலிருந்து வந்த சேனல்கள் ஒரே அடையாள எண்ணைத் தாங்கி வந்தன; மாற்று எண் கொடுக்க மறந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டுமே தெரியாமல் போயின. பின்னர் கொள்ளளவுச் சிக்கல் வந்தது. எங்கள் முறையில் ஓர் அலைவரிசையில் வினாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் செல்லும்; அதற்கு மேல் ஒரு துளியும் ஏறாது. பத்துச் சேனல்கள் நன்றாக ஓடிய இடத்தில் ஆசையால் மேலும் இரண்டைத் திணித்தோம். செய்தி வாசிப்பவரின் முகம் தெளிவாகவே தெரிந்தது. பந்து விளையாட்டு தொடங்கியதும் எல்லாச் சேனல்களிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அளவு மீறியதை மக்ஸ் கீழே போட்டுவிடுகிறது. இரண்டு சேனல்களை எடுத்துவிட்டோம், படம் சீரானது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். அரை மணி நேரத்தில் தொலைபேசி ஒலித்துவிடும். நாங்கள் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பற்றி.

மக்ஸ் இரண்டு விதமான நேரங்களை அனுப்புகிறது. ஒன்று, வினாடிக்கு 2 கோடியே 70 இலட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தின் கணக்கு. படமும் ஒலியும் ஒன்றையொன்று விலகாமல் இருப்பது இதனால்தான். மற்றொன்று, நாம் சுவரில் பார்க்கும் நேரம். அடையாள எண் 20இல், குறைந்தது 30 வினாடிகளுக்கு ஒரு முறையேனும், உலகப் பொது நேரமும் அதனோடு நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணிக் கூடுதலும் ஒரு சிறு அட்டவணையாகச் செல்கின்றன. செட்டாப் பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்கள் அங்கிருந்து வருபவையே. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. சுவர் நேரம் தவறினாலும் படத்தில் சிறு நடுக்கமும் தெரியாது.

அந்த ரமளானில் பதினொன்றாம் நோன்பன்று காலை, யூபிஎஸ் பேட்டரிகளை மாற்றுவதற்காகக் கருவிகளை நிறுத்தி இயக்கினோம். மக்ஸின் உள்ளேயிருக்கும் நாணய வடிவப் பேட்டரி செத்துப் போயிருந்ததை நாங்கள் அறியவில்லை. கருவி 2000ஆம் ஆண்டின் முதல் நாளைக் காட்டியபடி விழித்தது. வழக்கமாக இணையத்தின் வழியே ஒரு நேரச் சேவையகத்திடமிருந்து சரியான நேரத்தை அது பெற்றுக்கொள்ளும். அன்று சாலை தோண்டியதில் இணையக் கம்பி அறுந்து கிடந்தது. நேரத்தைக் கையாலேயே அமைத்துவிடலாம் என்று எங்களில் ஒருவர் தலையை உயர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை அப்படியே பதிவு செய்தார்.

அந்தச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது. லுஹருக்கும் அஸருக்கும் ஜமாஅத் தவறிவிடக் கூடாது என்று நாங்களே அப்படி வைத்திருந்தோம். நம்மில் பலருடைய வீடுகளிலும் கடைகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. அந்த அறையில் இருப்பவர்களுக்கு அது தெரியும், மனத்துக்குள் கழித்துக்கொள்வார்கள். மூவாயிரம் வீடுகளுக்கு அது தெரியாது. கையால் நேரம் கொடுத்துவிட்டதால், மாலையில் இணையம் திரும்பிய பின்னரும் மக்ஸ் சேவையகத்தைத் தேடவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் தேநீர்க் கடைக்காரர், “என்ன பாய், ஏழு மணிச் செய்தி ஏழு அஞ்சுக்கு வருதே?” என்று கேட்டார். சேனல்காரர்கள் தாமதமாகத் தொடங்கியிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டோம். எச்சரிக்கை வந்தது, செவி கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நோன்பு திறந்து, மஃரிப் தொழுது முடித்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. ஊரின் தென்கோடியில் தனியாக வாழும் ஒரு மாமி. அவர் தெருவுக்குப் பள்ளிவாசலின் பாங்கு காற்று வீசும் திசையைப் பொறுத்துத்தான் கேட்கும். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, செட்டாப் பெட்டியின் நேரத்தைப் பார்த்து நோன்பு திறப்பது அவர் வழக்கம். “தம்பி, நான் பேரீச்சம்பழம் வாயில வெச்சுக் கஞ்சியும் குடிச்சு முடிச்சப்புறம் இன்னிக்குப் பாங்கு கேட்டுச்சு. மோதினார் பிந்திச் சொன்னாரா, உங்க பெட்டி முந்திக் காட்டுதா?” என்றார்.

கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினோம். சோதனைப் பெட்டியின் நேரத்தையும் கைப்பேசியின் நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். சரியாக ஐந்து நிமிடம். வினோதம் என்னவென்றால், இதே பிழை ஸஹரில் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. முந்திய கடிகாரத்தைப் பார்த்தவர் ஐந்து நிமிடம் முன்னதாக உண்பதை நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான். மாலையில் அதே ஐந்து நிமிடம் சூரியன் மறைவதற்கு முன் நோன்பைத் திறக்க வைத்துவிட்டது.

நேரத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. அதன் பிறகு இஷாவுக்கு இருந்த ஒரு மணி நேரந்தான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

எங்களில் ஒருவர் சொன்னார்: “சரி செய்தாயிற்று. மாமியிடம் மட்டும் சொல்லிவிடுவோம். பாங்கைக் கேட்டுத்தான் நோன்பு திறக்க வேண்டும். பெட்டியைப் பார்க்கச் சொல்லி நாம் யாரிடமும் சொல்லவில்லையே!” அந்தச் சொல்லில் நியாயம் இல்லாமலில்லை. வெளியே சொன்னால் என்னவாகும் என்ற அச்சமும் எல்லோருக்கும் இருந்தது. டிஷ் ஆன்டெனா விற்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்ட காலம். நேரங்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாதவர்கள் என்ற பேச்சு எழுந்தால், மாதச் சந்தா குறையும். கருவிகளுக்காக வாங்கிய கடன் மட்டும் குறையாது.

மற்றொருவர் வேறு ஒன்றை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்கள். நனைத்தது மழைதான், வணிகரின் கை அன்று. ஆயினும் அடியில் வைத்தது அவருடைய கை. “நம் கடிகாரமும் வேண்டுமென்றே நனைத்ததன்று. ஆனால் இனிமேல் அதை அடியில் வைத்தால், அது நம் கை” என்றார் அவர். அதற்குப் பிறகு மூவரும் பேசவில்லை. எழுந்து ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனோம்.

ஹஜ்ரத் அமைதியாகக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மேகம் சூழ்ந்த ஒரு நாளில் நோன்பு திறந்த பின் சூரியன் வெளிப்பட்டதை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதையும், அது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருப்பதையும் கூறினார்கள். அறியாமல் முந்தித் திறந்தவர் மீது பாவமில்லை. எனினும் பெரும்பாலான இமாம்களின் கருத்துப்படி அந்த நாளின் நோன்பைப் பின்னர் களாச் செய்ய வேண்டும் என்று விளக்கினார்கள். “அறியாதவர்களுக்கு மன்னிப்பு உண்டு. அறிந்தும் சொல்லாதவர்களுக்கு என்ன பதில்?” என்று கேட்டுவிட்டு, “தராவீஹுக்கு முன் நீங்களே எழுந்து சொல்லுங்கள். என் வாயால் வேண்டாம்” என்றார்கள்.

சொன்னோம். இஷா முடிந்ததும் எங்களில் மூத்தவர் முன் வரிசையில் எழுந்து நின்று, பதினொன்றாம், பன்னிரண்டாம் நோன்புகளைச் செட்டாப் பெட்டியின் நேரத்தைப் பார்த்துத் திறந்தவர்கள் களாச் செய்துகொள்ள வேண்டும் என்றும், பிழை எங்களுடையது என்றும் அறிவித்தார். பெண்களுக்கும் செய்தி சேர வேண்டும் என்பதற்காக எங்கள் உள்ளூர்ச் சேனலில் மூன்று நாள்கள் அதையே எழுத்தாக ஓடவிட்டோம்.

சிலர் கடிந்துகொண்டனர். இருவர் இணைப்பைத் துண்டித்துவிட்டனர். ஒரு பெரியவர் வெளியே வந்து எங்கள் தோளில் கை போட்டு, “என் கடைக் கடிகாரமும் ஏழு நிமிஷம் முந்திதான் ஓடுது. பையன் அதைப் பார்த்து யாருக்கு நேரம் சொன்னானோ, இன்னிக்கே திருப்பி வைக்கிறேன்” என்றார். தென்கோடி மாமியிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். “ரெண்டு நோன்புதானே தம்பி. பெருநாள் கழிஞ்சு வெச்சுக்கிடுறேன். வந்து சொன்னீங்களே, அல்லாஹ் பரக்கத் செய்வான்” என்று சொல்லி, எங்களுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு எங்கள் அறையில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். மக்ஸுக்கு இரண்டு நேரச் சேவையகங்களின் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது. இணையமும் இரு வேறு வழிகளில் வருகிறது. இரண்டும் இல்லாத வேளையில் கையால் நேரம் கொடுப்பதில்லை. நேர அட்டவணையை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறோம். பொய்யான நேரத்தைக் காட்டுவதைவிட நேரம் காட்டாமல் இருப்பது நல்லது. நாணயப் பேட்டரியை ஆண்டுக்கொரு முறை ஷஃபானில் மாற்றுகிறோம். ரமளானில் நாள்தோறும் அஸருக்குப் பின், வீடுகளுக்குச் செல்லும் அதே கம்பியில் இணைத்த ஒரு செட்டாப் பெட்டியின் நேரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். சுவர்க் கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. ஜமாஅத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்துவிடப் பழகிக்கொண்டோம்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். செட்டாப் பெட்டி தானாக நேரம் அறிவதில்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் கொடுத்ததைத்தான் அது காட்டுகிறது. நோன்பு திறக்க அதை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளிவாசலின் பாங்கு எட்டாத இடமென்றால் கைப்பேசியின் நேரத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இயன்றால் மாடியேறி மேற்கு வானத்தையும் பாருங்கள். தவறு கண்டால் அந்த மாமியைப் போலத் தயங்காமல் கேட்டுவிடுங்கள். அவர் கேட்காதிருந்தால் எத்தனை நோன்புகள் அப்படியே போயிருக்குமோ!

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை என்றவுடன் நமக்குத் தராசும் படியும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கு அது, யாரும் திறந்து பார்க்காத 20 என்னும் எண்ணிட்ட ஒரு சிறு பொட்டலத்தில் இருந்தது. உங்கள் தொழிலிலும் யாரும் பார்க்காத அத்தகைய பொட்டலம் ஒன்று இருக்கலாம். அதுவும் அமானிதமே.

அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.