போர் தண்ணி ஊரில் ஒரு கடல்

எங்கள் நாமக்கல் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த வீட்டில்தான் கடல் முள்ளெலி வளர்க்கிறேன். ஆங்கிலத்தில் சீ அர்ச்சின். எலுமிச்சம்பழ அளவுதான், உடம்பெல்லாம் முள். வாய் அடியில். ஐந்து பற்களால் பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். லேசாக நினைக்காதீர்கள்: 1983-ல் கரீபியன் கடலில் நீள்முள் இனம் நோயில் கொத்தாகச் செத்தபோது, பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது.

போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, காசு கொடுத்து வாங்கிய கடல் உப்புக் கலவையைக் கரைப்பேன்.

"ஏஞ்சாமி, இருக்கிற உப்பை எடுத்துட்டு வேற உப்பைப் போடறியே!" என்பார் அம்மா.

சமையல் உப்பு ஆகாது. ஓடு வளரக் கால்சியம் வேண்டும். கோழிக்குக் கிளிஞ்சல் போடுகிற ஊருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

நிஜப் பவளம் வைக்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செயற்கைப் பாறைதான்.

கோடைதான் சோதனை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அடர்த்தி 1.025-ஐத் தாண்டாமலிருக்க, தினமும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். போன சித்திரையில் ஐந்து மணி நேரம் கரன்ட் இல்லை. தொட்டி கொதித்தது, மறுநாள் முள் உதிரத் தொடங்கியது. ஐஸ் கட்டிகளைக் கவரில் கட்டி மிதக்கவிட்டது, கிண்டல் செய்த அதே அம்மாதான்.

மெல்ல மெல்ல முள் திரும்ப முளைத்தது. இப்போது தலையில் ஒரு சிப்பியைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. ஜோடிக்கு இன்னொன்று கேட்கிறான் தம்பி. இந்த வெயிலுக்குக் கடலிலிருந்து இன்னொரு உயிரைக் கொண்டுவர எனக்கு மனசில்லை. இருப்பதற்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று.