வேரின் வயது

எங்கள் பாடசாலை வளவின் வடக்கு மூலையில் ஒரு புளியங்கன்று நின்றது. முழங்கால் உயரம்தான். ஊர் ஆடுகள் நுழையும் போதெல்லாம் அதைக் கடித்துவிட்டுப் போகும். தவணை முடிவுச் சிரமதானத்தில் நானும் பிள்ளைகளைக் கொண்டு பற்றையோடு பற்றையாக அதை வெட்டுவிப்பேன். மழை கண்டதும் மறுபடி தளிர் நிற்கும். ஒவ்வொரு வருடமும் விதை விழுந்து புதுக்கன்று முளைக்கிறது என்றே பதினொரு வருடங்களாக எண்ணியிருந்தேன்.

மதிலுக்கு அத்திவாரம் தோண்டிய அன்றுதான் விஷயம் வெளித்தது. மேலே சுண்டுவிரல் மொத்தத் தண்டு. கீழே என் மணிக்கட்டைவிடத் தடித்த வேர். இத்தனை காலமும் நான் வெட்டியது ஒரே மரத்தைத்தான்.

புளிக்குப் பூர்வீகம் ஆபிரிக்கா. அங்குள்ள சவன்னாப் புல்வெளிகளில் பல மரங்கள் பிழைக்கும் விதமே இதுதான் என்று பிறகு வாசித்தறிந்தேன். மானும் யானையும் கடிக்கும், வரட்சியில் புல்லோடு தீ மூளும், விறகுக்கு வெட்டுவார்கள். தண்டு போனாலும், வேரில் சேமித்த மாச்சத்தைக் கொண்டு மரம் மீண்டும் துளிர்க்கும். துளிர்த்தது மறுபடி போகும். இப்படிப் பல வருடங்களைக் குட்டையாகவே கழிக்கும் மரங்களுக்குச் சூழலியலாளர் ‘கலிவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குள்ளர்கள் கட்டிப்போட்ட அந்தக் கதைமனிதனின் பெயர்தான். வேல மரங்கள் சிலவோ, கடிபடக் கடிபட நீண்ட முட்களை விடும்.

இவற்றுக்கு வேண்டியது ஓர் இடைவெளி. வாய்க்கும் நெருப்புக்கும் எட்டாத உயரத்தைத் தொடச் சில வருடங்கள். தன்சானியாவின் மன்யாரா ஏரிப் பகுதியில் 1961இல் அந்திராக்ஸ் நோயால் இம்பாலா மான்கள் பெருந்தொகையாய் மடிந்தன. கன்றுகளைக் கடிக்க ஆளில்லாத அந்த அவகாசத்தில் எழும்பிய வேல மரங்கள், ஒரே வயதுத் தோப்பாகவே வளர்ந்தன.

இதை வாசித்த இரவு ஒரு பையனின் நினைவு வந்தது. சிரமதானத்தில் கத்தி பிடிப்பதில் அவன்தான் கெட்டிக்காரன். ஒவ்வொரு வேளாண்மை வெட்டுக்காலத்திலும் வாப்பாவோடு வயலுக்குப் போய்விடுவான். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும், முதலிலிருந்து தொடங்குவான். மூன்று வருடங்கள் அவனது அறிக்கையில் ‘முயற்சி போதாது’ என்றே எழுதினேன். கேட்டால் வெடுக்கென்று பதில் சொல்வான், அதற்கும் அடித்தேன். அந்த முள் ஏன் நீண்டதென்று நான் யோசிக்கவில்லை. 9ஆந் தரத்தோடு அவன் நின்றுவிட்டான்.

மதிலை இரண்டடி தள்ளிக் கட்டினோம். வேரை மண்ணால் மூடி, கன்றைச் சுற்றி முட்கம்பி அடித்தோம். சில மழைக்குள் அது ஆட்டின் வாய்க்கு எட்டாமல் உயர்ந்துவிட்டது.

அண்மையில் அந்தப் பையன் பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், “என்ன சேர், இந்தப் புளிய இன்னும் வெட்டல்லியா?” என்று கேட்டான்.

“இல்ல மகன். நான் வெட்டினது போதும்” என்றேன்.