முதல் வீடும் ஓர் அமானிதமும்



இலண்டனில் வாடகை வீட்டில் வாழும் நம் குடும்பங்கள் சொந்த வீடு வாங்க எண்ணும்போது முதலில் பேசுவது வட்டியைப் பற்றியே. வட்டியில்லா வழி எது, முன்பணம் எவ்வளவு வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறோம். ஆனால் அந்தப் பணத்தை எவர் கையில் ஒப்படைக்கப் போகிறோமோ, அந்தச் சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப் பொழுதைக்கூடச் செலவிடுவதில்லை.

இங்கிலாந்தில் வீட்டுக் கிரயம் நம் ஊரைப் போலச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரு தரப்பாரும் நேரில் கூடிக் கையெழுத்திட்டு முடிவதன்று. இரு தரப்புச் சொலிசிட்டர்களே கடிதங்களாலும் மின்னஞ்சல்களாலும் அதை நடத்தி முடிக்கிறார்கள். விற்பவரின் உரிமையை ஆராய்வதும், கவுன்சிலிடம் விவரம் கேட்டுப் பெறுவதும், ஒப்பந்தத்தைப் பரிசீலிப்பதும், வரியைச் செலுத்தி நிலப் பதிவகத்தில் பதிவதும் நம் சொலிசிட்டரின் பொறுப்பு. நம் பல்லாண்டுச் சேமிப்பு சில நாட்களேனும் அவருடைய வாடிக்கையாளர் கணக்கில் தங்கியிருக்கும். இதற்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு: அமானிதம்.

நானும் என் மனைவியும் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டை வாங்க முனைந்தபோது எங்கள் முன் மூன்று பெயர்கள் இருந்தன.

முதலாவது, வீட்டுத் தரகர் நிறுவனம் பரிந்துரைத்த பெயர். இவரை வைத்துக்கொண்டால் வேலை விரைவில் முடியும் என்றார்கள். தரகர் விற்பவருக்காக உழைப்பவர். தாம் அனுப்பிவைக்கும் ஒவ்வொருவருக்காகவும் சொலிசிட்டரிடமிருந்து அவர் பரிந்துரைக் கட்டணம் பெறுவதும் உண்டு. அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் சொலிசிட்டர் அதை நம்மிடம் தெரிவித்தாக வேண்டும். இதில் மறைவு இல்லையெனில் குற்றமும் இல்லை. ஆயினும் அந்த விரைவு யாருக்குத் தேவைப்படுகிறது என்று வாங்குபவர் சிந்திக்க வேண்டும். நாங்கள் நன்றி கூறி விலகிக்கொண்டோம்.

இரண்டாவது, எங்கள் பள்ளிவாசலில் தொழும் ஒரு சகோதரர். நம்மவர், தமிழ் பேசுபவர் என்பதால் என் மாமனார் அவரையே விரும்பினார்கள். நாங்கள் அணுகியபோது அவர் சொன்ன பதில் இன்றும் நெஞ்சில் நிற்கிறது. "தம்பி, நான் பார்ப்பது குடிவரவு வழக்குகள். வீட்டுக் கிரயம் என் வேலையன்று. உங்கள் பணத்தை வைத்து நான் தொழில் பழகக் கூடாது" என்றார். வந்த வருமானத்தை அல்லாஹ்வுக்கு அஞ்சி வேண்டாமென்று சொன்ன அவருக்கு அவனே நற்கூலி வழங்குவானாக.

மூன்றாமவர் வேறொரு பகுதியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண்மணி. முஸ்லிம் அல்லர். ஆனால் இஸ்லாமிய முறையிலான வீட்டு நிதித் திட்டங்களைப் பல ஆண்டுகளாகக் கையாண்டவர். மாமனார் முதலில் தயங்கினார்கள். அப்போது என் மனைவிதான் ஹிஜ்ரத்தை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலி பேசி வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டார்கள். அவர் அன்று இஸ்லாத்தை ஏற்றிராதவர். ஆனால் பாதையை அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். தம் ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தௌர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். இதைக் கேட்ட மாமனார் மறுத்துப் பேசவில்லை.

அந்தப் பெண்மணியின் கட்டணம் மற்ற இருவர் கேட்கக்கூடியதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். எனினும் முதல் சந்திப்பில் அவர் கேட்ட மூன்று கேள்விகள் எங்கள் முடிவை உறுதிசெய்தன.

"நிதி எந்த முறையில்?" என்பது முதல் கேள்வி. எங்களுடையது குறைந்து செல்லும் முஷாரகா. வங்கியும் நாமும் சேர்ந்து வீட்டை வாங்குகிறோம். வங்கியின் பங்குக்கு வாடகை தருகிறோம். அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி முடிக்கிறோம். வீடு முதலில் வங்கிக்கும், இறுதியில் நமக்கும் என இருமுறை கைமாறுவதால் ஒரு காலத்தில் முத்திரை வரியும் இருமுறை விழுந்தது. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்தச் சுமையை நீக்கியது. இந்தச் சலுகையை வரிப் படிவத்தில் முறையாகக் கோர, வழக்கமான வட்டிக் கடனுக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டைச் சொலிசிட்டர் அறிந்திருக்க வேண்டும்.

"பணம் எங்கிருந்து வருகிறது?" என்பது இரண்டாவது. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின்படி அவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். காயல்பட்டினத்தில் விற்ற நகைகளின் இரசீது, மாமனார் தந்தது அன்பளிப்பே என்னும் கடிதம், எங்கள் வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாவற்றையும் கொடுத்தோம். அப்போதுதான் ஓர் உண்மை தாளில் தெளிவாகத் தெரிந்தது: முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என் மனைவியின் மஹரும் நகையும்.

மூன்றாவது கேள்வி: "உங்களில் ஒருவர் இறந்தால் இந்த வீட்டில் அவருடைய உரிமை யாருக்குச் சேர வேண்டும்?"

ஆங்கிலேயச் சட்டத்தில் இருவர் சேர்ந்து உரிமை கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கூட்டுடைமை. இதில் ஒருவர் இறந்தால் முழு உரிமையும் மற்றவருக்கே சென்றுவிடும். உயில் எழுதியிருந்தாலும் அதனை மாற்ற இயலாது. மற்றொன்று பங்குடைமை. இதில் ஒவ்வொருவருக்கும் வரையறுத்த பங்கு உண்டு; அவரவர் பங்கு அவரவர் உயிலின்படி செல்லும்.

அன்றிரவு வீட்டில் நெடுநேரம் பேசினோம். குழந்தைகள் உள்ள ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்றும், தாய்க்கு ஆறில் ஒன்றும் அந்நிஸா அத்தியாயம் வகுத்த பங்கு. ஊரில் இருக்கும் என் உம்மாவுக்கு அல்லாஹ் வைத்த பங்கு, ஒரு படிவத்தில் நாங்கள் இடும் குறியால் இல்லாமற் போகலாம். அதேபோல், என் மனைவியின் மஹர் அவருக்கே உரியது என்பது எங்கும் எழுதப்படாவிட்டால் அதுவும் என் சொத்தாகக் கருதப்பட்டு வாரிசுகளிடையே பிரிபடலாம். இரண்டுமே பிறர் உரிமை. எனவே பங்குடைமையைத் தேர்ந்தெடுத்தோம். எவர் எவ்வளவு தந்தார் என்பதை ஆவணமாக எழுதிக் கையெழுத்திட்டோம். பின்னர் இருவரும் வஸிய்யத்தும் எழுதினோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிவைப்பதையும், எழுதுபவர் நீதியுடன் எழுதுவதையும், சாட்சிகளையும் பற்றியே பேசுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதுவது ஐயத்தின் அடையாளமன்று. மார்க்கம் காட்டிய ஒழுங்கு.

வீடு வாங்க எண்ணும் சகோதர சகோதரிகள் சொலிசிட்டரை அமர்த்துமுன் சிலவற்றைக் கேளுங்கள். இத்தகைய திட்டங்கள் எத்தனையை முடித்திருக்கிறார்? கோப்பைத் தாமே பார்ப்பாரா, உதவியாளரிடம் விடுவாரா? கட்டணம் நிலையானதா? கிரயம் பாதியில் முறிந்தால் எவ்வளவு தர வேண்டும்? 2018 டிசம்பர் முதல் வீட்டுக் கிரயக் கட்டண விவரங்களைச் சொலிசிட்டர் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பது விதி. அவர் பெயர் சொலிசிட்டர்கள் ஒழுங்காற்று ஆணையத்தின் பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் பாருங்கள்.

இன்னொன்று. அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைத் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறிவிட்டதாக இடையில் மின்னஞ்சல் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்யாமல் ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் காத்திருக்கும் இடம் அதுவே.

குறைந்த கட்டணமோ, நம்மவர் என்னும் பாசமோ மட்டும் போதாது. தம் துறையை அறிந்தவரா, நமக்கு உவப்பில்லாத கேள்வியையும் கேட்கக்கூடியவரா என்று பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரகத் செய்வானாக. அவற்றில் எவருடைய உரிமையும் கலந்துவிடாமல் காப்பானாக. ஆமீன்.