கான்பூரில் கைவிடப்பட்ட வானூர்திகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மிகுதியாகச் செய்து குவித்த குண்டுவீச்சு விமானம் எதுவென்று வினவினால், லிபரேட்டர் என்பதே விடை. 1939 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த அவ்வகை விமானம் போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேலாகச் செய்யப்பட்டது. 1944-இல் ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் ஆலையில் மணிக்கு ஒன்று என்னும் விரைவில் அவை வெளிவந்தன. லிபரேட்டர் என்றால் விடுவிப்போன் என்று பொருள். பெயர் எவ்வளவு பொருந்திற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நான்கு எஞ்சின்கள், 110 அடி நீளச் சிறகு, பின்புறம் இரட்டை வால். நெடுந்தொலைவு செல்ல அதற்கு ஈடில்லை. அழகு என்று சொல்வதற்கில்லை. பருத்த பெட்டிக்குச் சிறகு முளைத்தாற்போல் இருக்கும். உள்ளே இருந்த பத்துப் பேரின் நிலையோ இரங்கத்தக்கது. குண்டுகள் தொங்கும் அறையின் நடுவே ஒரு சாண் அகலமே உள்ள நடைபலகை. முன்னிருப்பவர் பின்னே செல்ல அதுவே வழி. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு அதில் நுழைவது அரிது. உயரே சென்றால் உறையும் குளிர், மூச்சுக்குக் குழாய். 1943 ஆகஸ்ட் 1-ஆம் நாள் ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெய் ஆலைகளைத் தாக்க 177 லிபரேட்டர்கள் புறப்பட்டன; ஐம்பதுக்கும் மேற்பட்டவை அன்றே அழிந்தன. இருபது வயது இளைஞர்களே அவற்றில் பெரும்பாலோர்.

நம் நாட்டில் இவ்விமானங்கள் வங்காளத்துச் சால்போனி, டிக்ரி முதலிய தளங்களிலிருந்து பர்மாவுக்கும் சயாமுக்கும் சென்றன. அங்கே பகைவரின் பீரங்கியைவிடப் பருவமழை மேகத்துக்கே விமானிகள் அஞ்சினர். கருமேகத்தின் உட்சுழலில் அகப்பட்ட விமானம் சிறகொடிந்து வீழ்வதும் உண்டு. 1944 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 159-ஆம் அணியினர், வேண்டாச் சுமைகளை இறக்கி, எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் செய்யும் முறையைக் கண்டு, பினாங்குத் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளை இட்டு மீண்டனர். போக வர 3,000 மைலுக்கு மேல். பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் அவ்விமானங்களின் இலக்குகளுள் ஒன்று சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்தனர். போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியக் கூலிகளோ அவர்களினும் பன்மடங்கு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அழைத்தும் பிடித்தும் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவர்களுள் அடங்குவர். காலரா வாரிக்கொண்டு போயிற்று. பசி எஞ்சியோரைத் தின்றது. பாதை முடிந்த பின்னும் பழுது பார்க்கப் பலர் அங்கேயே நிறுத்தப்பட்டனர். தண்டவாளத்தை ஒட்டியே குடிசைகள். 1944 நவம்பரில் தமர்க்கான் பாலத்தைக் குறிவைத்த குண்டுகள் அருகிலிருந்த கைதிகள் முகாமிலும் விழுந்து உயிர்களைக் குடித்தன. மேலே இருந்தவனுக்குக் கீழே தெரிந்தது பாலம் மட்டுமே. விடுவிப்போன் வந்தான் என்று கீழே இருந்தவன் மகிழ்வதா, ஓடுவதா?

என் பாட்டனாரின் தம்பி மலேயாத் தோட்டத்துக்குச் சென்றவர். 1941-க்குப் பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. தோட்டத்திலேயே மடிந்தாரோ, காட்டுப் பாதையில் மடிந்தாரோ, அறியோம். எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுக்க நாள் தெரியாமல் மாளய அமாவாசையோடு சேர்த்துவிட்டார்கள். போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழருக்கு அவ்வாறு இல்லை. மலேசியத் தமிழர் முயற்சியால் 2023-இல்தான் அங்கொரு புத்த விகாரத்தில் நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டு கழித்தேனும் சங்க கால வழக்கம் கை கொடுத்தது.

விமானங்களின் கதைக்கு மீள்வோம். கடனாகப் பெற்றவற்றைத் திருப்பித் தருதல் வேண்டும், அல்லது அழித்தல் வேண்டும் என்பது அமெரிக்காவின் நிபந்தனை. எனவே கான்பூரில் இருந்த லிபரேட்டர்களைப் பிரிட்டிஷார் உடைத்தும் நொறுக்கியும் போட்டுச் சென்றனர். எஞ்சின்களில் மணலைக் கொட்டினர் என்றும் கூறுவர். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அக்குப்பையைக் கிளறினர். ஒன்றின் சக்கரம், மற்றொன்றின் கருவி என்று ஒட்டுப்போட்டு, பறக்குமளவு தேற்றினர். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுதும் செப்பனிடப்படாத, பிறர் வேண்டுமென்றே சிதைத்த விமானத்தில் ஏறி அமர்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! போர்க்களத்து வீரத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதியேனும் இதற்குக் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இவ்வாறு உயிர்பெற்ற சுமார் நாற்பது விமானங்களைக் கொண்டு நம் விமானப் படையின் 5-ஆம் அணி 1948 நவம்பரில் அமைந்தது. பின்னர் 6-ஆம் அணியில் அவை கடற்காவலுக்குப் பயன்பட்டன. அமெரிக்காவில் அவற்றின் உடன்பிறப்புகள் உருக்கப்பட்டு அலுமினியமான பின்னும், இங்கே 1968 இறுதிவரை பறந்தன. அதனால் பிறநாட்டு அருங்காட்சியகங்கள் நம்மிடம் கேட்டு வாங்கின. கனடா ஒன்று பெற்றது. அமெரிக்காவின் டூசான் நகருக்கு 1969-இல் ஒன்று சென்றது. லண்டன் ஹெண்டனில் உள்ளதோ, போர்க்காலத்தில் 99-ஆம் அணியில் பணிபுரிந்த அதே விமானம். பிரிட்டிஷார் குப்பையில் எறிந்த அதனை 1974-இல் நாம் பறக்கும் நிலையில் அவர்களிடமே சேர்த்தோம்.