ஹந்தானை முதல் தவலந்தென்ன வரை

நாற்பது வயதைக் கடந்த நால்வர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் ஓடினார்கள் என்றால், அவர்களுக்கு வீட்டில் வேலை யாதும் இல்லைப் போலும் என்று வாசகர் எண்ணுதல் இயல்பே. எம் இல்லத்தரசியாரும் அவ்வாறே எண்ணினார். ஆயினும் ஓடினோம்.

தமிழாசிரியராகிய நாம், எம் கல்லூரிக் கணித ஆசிரியர், விடுமுறை நாளிலும் முத்திரைப் பசையின் மணம் மாறாத தபாலதிபர் ஒருவர், கிளிநொச்சியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆகியோரே அந்நால்வர். மரதன் ஓட்டம் 42.195 கிலோமீற்றர் என்பது பலரும் அறிந்ததே. அதற்கு மேற்பட்ட தூரம் யாவும் ‘அல்ட்ரா மரதன்’ எனப்படும். கலிபோர்னியாவில் 100 மைல் தூரக் குதிரைப் பந்தயம் ஒன்றிற் பங்குபற்றிவந்த கோடி ஐன்ஸ்லி என்பார், 1973ஆம் ஆண்டில் தம் குதிரை நொண்டியமையால், 1974இல் குதிரையின்றித் தாமே ஓடி 23 மணி 42 நிமிடத்தில் அத்தூரத்தைக் கடந்தார். மலைப்பாதை நெடுந்தூர ஓட்டம் இன்று பெற்றுள்ள புகழுக்கு அவர் கால்களும் ஒரு காரணமாம். எமக்கோ குதிரையும் இல்லை, மலையும் இல்லை. யாழ்ப்பாணத்திற் கீரிமலை என்னும் பெயரில் மட்டுமே மலை உண்டு. ஆதலால் வல்லை வெளியின் எதிர்காற்றையே ஏற்றமாகக் கொண்டு ஆறு மாதம் பழகினோம்.

இந்த ஓட்டத்துக்கு வித்திட்டவர் கிளிநொச்சி நண்பர். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. கோப்பித் தோட்டங்களை நாடி அவர்தம் முன்னோர் காட்டுவழியே நடந்து வந்த நெறி அது. வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். நண்பர் இரண்டு நாள் அந்நடையிற் கலந்துகொண்டார். திரும்பி வந்தவர், “மாஸ்ரர், மாத்தளைக்கு அங்காலையும் ஒருக்காப் போக வேணும்” என்றார். அவ்வளவே.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேலாக மலையகத்தைச் சுற்றிச் செல்லும் ‘பீக்கோ ட்ரெயில்’ என்னும் பாதை உண்டு. வெள்ளையர் காலத்திலே தேயிலை ஏற்றிச் செல்ல வெட்டிய பழைய தோட்டத்து வழிகளை இணைத்து அண்மைக் காலத்தில் அமைத்தது. அதன் முதல் மூன்று பகுதிகளான ஹந்தானையிலிருந்து கலஹா, கலஹாவிலிருந்து லூல்கந்துர, லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்ன ஆகியவற்றை ஒரே நாளில் முடிப்பதென்று துணிந்தோம்.

2024 பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்குத் தேயிலை நூதனசாலை அருகே புறப்பட்டோம். முதுகுப் பையிற் பனங்கட்டியும் எள்ளுருண்டையும். காலில் அட்டை ஏறாதிருக்கச் சவர்க்காரப் பூச்சு. மூடுபனி விலகுமுன் கலஹாவை அடைந்து, கடைத்தெருவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் உண்டோம். இதுவரை வழியிற் சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை; தபாலதிபர் இருமுறை விழுந்ததைத் தவிர.

கலஹாவுக்கு அப்பால் கொழுந்து கொய்துகொண்டிருந்த பெண்கள் எம்மைக் கண்டு கூடையுடன் நிமிர்ந்தனர். அவர்களுள் மூத்தவர், “ஏன் சார் ஓடுறீங்க? யாராச்சும் வெரட்டுறாங்களா?” என்றார். இல்லை, சும்மா ஓடுகிறோம் என்றோம். “பரிசு எம்புட்டு?” பரிசு இல்லை. “அப்ப கைக்காசு போட்டு வந்து ஓடுறீங்க?” ஆம் என்றோம். அம்மலையே சிரித்தது. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்க நாம் ஏறிய அதே சரிவில் ஏறி இறங்கும் அவர்கள் அணிந்திருந்தவை தேய்ந்த இரப்பர்ச் செருப்புகள். எம் சப்பாத்தின் விலையை ஒருவரும் கேட்கவில்லை; நன்றியுடையோம்.

இங்கேதான் நண்பர் நின்றார். பாதையைவிட்டு இரண்டு கிலோமீற்றர் கீழே ஒரு தோட்டத்து லயத்துக்குச் செல்ல வேண்டும் என்றார். அவருடைய அன்னையார் பிறந்த லயம். 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத வன்செயலின்போது உடுத்த துணியோடு வெளியேறிக் கிளிநொச்சியிற் குடியேறிய குடும்பம் அது. நேரக் கணக்கு எம் பொறுப்பு. மணிக்கு மணி வரைந்த அட்டவணை எம் சட்டைப் பையில் இருந்தது. “இன்னொரு முறை வருகையிற் பார்ப்போமே” என்று நாம் சொல்லிவிட்டோம்.

“எங்கட ஆக்கள் ஒருக்கா வெளிக்கிட்டா இன்னொருமுறை வாறேல்லை, மாஸ்ரர்” என்றார் அவர். குரலிற் கோபம் இல்லை.

அம்மக்களைக் குறிக்க எம் ஊரில் ஓர் இழிசொல் வழங்கியது. எம் வீட்டிலும் வழங்கியது. சிறு வயதில் நாமும் சொன்னதுண்டு. அதனை ஈண்டு எழுதோம். அட்டவணையை மடித்து வைத்துவிட்டு நால்வரும் இறங்கினோம்.

நீண்ட லயம், ஒன்றோடொன்று ஒட்டிய அறைகள், துருப்பிடித்த தகரக் கூரை. அன்னையார் சொல்லியனுப்பிய கொய்யா மரம் இல்லை. ஆனால் பீலி இருந்தது. மலையூற்று நீர் குழாய்வழியே வீழும் இடத்தை அங்கு அவ்வாறு அழைப்பர். பல்லில்லாத மூதாட்டி ஒருவர் நண்பரின் முகத்தை இரு கையாலும் பற்றிப் பார்த்தார். அன்னையாரின் பெயரை அவர் அறியார், “கிளிநொச்சிக்குப் போன குடும்பமா? ரெண்டு மூணு குடும்பம் போச்சுய்யா” என்றார். நண்பர் வேறொன்றும் கேளாமல், ஒரு லீற்றர்ப் போத்தலைப் பீலியில் நிரப்பிப் பையில் வைத்தார். நெடுந்தூரம் ஓடுவோர் பற்தூரிகையின் காம்பையும் பாரம் கருதி முறிப்பவர்கள். குடிக்காத தண்ணீர் ஒரு கிலோவைச் சுமந்து அவர் மலை ஏறினார்.

லூல்கந்துர சேர நண்பகல் கடந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் இது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியபின், தேயிலையே நாட்டைத் தாங்கிற்று. அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய கல்லிருக்கையில் யாமும் அமர்ந்தோம். 1892இல் அவர் இறந்தபோது, தொழிலாளர் முறைவைத்துச் சவப்பெட்டியைத் தோளிற் சுமந்து கண்டிவரை நடந்தே சென்றனர் என்பர். துரையின் பெயர் நூலில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினோம், கிடைத்தில.

அதற்கப்பால் வெயில் கடுத்தது. எங்கள் தண்ணீர் தீர்ந்தது. ஓடைகள் இருந்தன, ஆனால் மேற்புறத்து மலைக்கு மருந்து அடித்திருப்பதாகவும் அந்நீரைக் குடிக்கலாகாதென்றும் தொழிலாளி ஒருவர் எச்சரித்துச் சென்றார். சிறிது தூரத்திற் கணித ஆசிரியர் வழியோரம் சரிந்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லுமாறு கேட்டபோது தடுமாறினார். அதன்பின்னரே நாம் உண்மையில் அஞ்சினோம். கடை எதுவும் கண்ணுக்கெட்டியவரை இல்லை.

எம் கண் நண்பரின் பையை நோக்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. வாய் திறந்து கேட்க மட்டும் இயலவில்லை. அவர் கேட்கவிடவும் இல்லை. போத்தலைத் திறந்து, பனங்கட்டித் துண்டு ஒன்றை ஆசிரியரின் வாயிலிட்டு, சிறிது சிறிதாகப் பருக்கினார். பாதி தீர்ந்ததும் மூடியைத் திருகி மீண்டும் பையில் வைத்தார். அரைமணி நேரத்தில் ஆசிரியர் எழுந்தார்; பதினேழாம் வாய்பாடும் மீண்டது.

மிகுதித் தூரத்தைப் பெரும்பாலும் நடந்தே கடந்தோம். இருட்டிய பின், கைவிளக்கொளியில் தவலந்தென்னச் சந்தியை அடைந்தபோது தபாலதிபரின் கைக்கடிகாரம் 51 கிலோமீற்றர் எனக் காட்டிற்று. சிங்களத்திலே தவலம் என்பது பொதிமாட்டுக் கூட்டம். தென்ன என்பது சமதரை. முன்னாளிற் பொதிமாடுகள் இளைப்பாறிய இடமாதல் வேண்டும் என்று ஊகித்தோம். அவ்வழக்கத்தை மீறாமல் நாமும் தெருவோரம் படுத்தோம்.

மறுநாள் திரும்பும் வழியிற் கிளிநொச்சியில் இறங்கினோம். அன்னையார் போத்தலை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். நெடுநேரம் பேசவில்லை.

பின்பு, “ஏன்டா தம்பி, பாதிதான் இருக்கு?” என்றார்.

நண்பர் எம்மைப் பார்த்தார். நாம் கணித ஆசிரியரைப் பார்த்தோம். அவர் கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.