காடும் காட்டுதலும்

'காடு' வேற்றுமை ஏற்கும்போது 'காட்டு' என்றாகிறது. 'காட்டு' தனியே நின்றால் வினை. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று வாதிக்க நான் மொழியியலாளன் அல்ல. ஓசை ஒற்றுமை, அவ்வளவே. ஆனாலும் ஒரு பிப்ரவரியில் முதுமலையில் கழித்த மூன்று நாட்களும் இந்த ஒற்றுமை மனதைவிட்டு அகலவில்லை.

1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். வருகிறவர் கண்ணில் படுவது இதில் சாலையோரத்து நாடா ஒன்றுதான். அந்த நாடாவும் தானாக அமைந்ததல்ல. கோடை முற்றுமுன் சாலையின் இருபுறமும் புதரை வெட்டி, காய்ந்த புல்லை ஆட்கள் சுற்றி நின்று எரிக்கிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பெயர். யாரோ எறிந்துபோகும் பீடித்துண்டின் நெருப்பு உள்ளே தாவாதிருக்க இந்த ஏற்பாடு. பிறகு அங்கே இளம்புல் தலைகாட்டினால் புள்ளிமான்கள் மேய வருகின்றன. வண்டியிலிருப்பவர்கள் மானைப் பார்த்து, மனிதக் கை படாத இயற்கை என்று மகிழ்கிறார்கள். மானை அங்கே அழைத்துவந்தது அரிவாள்.

மனிதக் கை படாதது என்பதே நமக்குப் பிடித்தமான பிரமை. வரிசை தப்பாமல் நிற்கும் தேக்குகள் யாரோ நட்டவை. தெப்பக்காடு முகாமின் முந்தைய தலைமுறை யானைகள் வெட்டிய மரத்தை இழுத்தவை. இன்றைய யானைகள் ராகிக் களி தின்பதைப் பார்க்க ஜனங்கள் கூடுகிறார்கள். உண்ணிச்செடியோ தோட்ட அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது; இப்போது புல் முளைக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிப் பயனில்லை, துளிர்த்துவிடும். வேர்க்கழுத்துக்குக் கீழே கொத்திப் பெயர்த்துத் தலைகீழாக வைக்க வேண்டும். பறவைகள் பழம் தின்று விதைத்துப்போவதைப் பிடுங்க அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் வர வேண்டும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் இதன் தண்டுகளைக் கொண்டு செய்த உயிரளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. சிற்பம் என்றால் செய்த கை யாருடையது என்று கேட்கத் தோன்றும். காட்டைப் பார்த்து யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை.

பெயர்த்த வேரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த ஒரு குறும்பர் பெரியவரிடம், இத்தனை பேர் வந்து போவது தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "நீங்க பாத்துட்டுப் போறீங்க சார். நாங்க பாத்துக்கறோம்" என்றார். குரலில் புகாரும் இல்லை, பெருமையும் இல்லை. வினை ஒன்றுதான், துணைவினை வேறு. அந்த வேற்றுமைக்குள் ஒரு சரித்திரம் கிடக்கிறது. காப்பகமான பின் உள்ளிருந்த சில கிராமங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. போக விரும்பியவர்களும் உண்டு. மனிதரற்ற காடு வேண்டுமென்று மனிதரை அப்புறப்படுத்தியாயிற்று; அதை அப்படியே வைத்திருக்க அதே குடிகளின் கைகள் கூலிக்குத் தேவைப்படுகின்றன. காவலும் அவர்கள், பாகனும் அவர்கள், பாகனுக்கு உதவும் காவடியும் அவர்கள்.

ஒரு கவிதையைத் 'தானாக வந்தது' என்று நம்மில் யாராவது பாராட்டும்போது, தலைகீழாக வைக்கப்பட்ட அந்த வேர்கள் இப்போது ஞாபகம் வருகின்றன. வேலையின் தடம் தெரியாதிருப்பது வேலையின் சிறப்பாக இருக்கலாம். அதற்காக வேலையே நடக்கவில்லை என்று நம்புவது ரசனை ஆகாது, சோம்பல்.

மாநில எல்லைக்கு அப்பால், பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலை 2009லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. ஆம்புலன்ஸும் ஒருசில பஸ்களும் மட்டும் போகலாம். மற்ற வண்டிகள் நின்றுவிடுகின்றன. அந்த ஒன்பது மணி நேரம் காடு யாருக்கும் காட்டப்படுவதில்லை. பராமரிப்பு என்பதில் இதுவும் சேர்த்திதான் என்று தோன்றுகிறது.